பிளெஸ், ஐந்து வாக்கியம்

பலகையில் ஒரே ஒரு சொல். பிளெஸ்.

பக்கத்தில் 'ஆசீர்வதி' என்று தமிழில் எழுதிக் கோடு போட்டிருந்தார் ஃப்ளாரன்ஸ் மிஸ். ஆளுக்கு ஐந்து வாக்கியம். தினம் வீட்டில் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். பைபிள் வசனம் கூடாது.

நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகப்போகிற ஜெபராணி எழுந்து மடமடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தும்மினால் காட் பிளெஸ் யூ. சாப்பிடும் முன் பிளெஸ் திஸ் ஃபுட்.

அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள்.

தப்பாகச் சொல்வதற்கும் படிக்கத்தான் வேண்டியிருக்கிறது. முதலில் சரியான வாக்கியம் மனதில் வர வேண்டும். பிறகு அதன் காலை ஒடிக்க வேண்டும்.

ஒடித்தாள்.

"மை மதர் பிளெஸ்ஸிங் டு மீ யெஸ்டர்டே."

பின்வரிசையில் சிரித்தார்கள். நல்லது, சிரிக்கட்டும்.

விசாவுக்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாயிற்று. தேறினால் விசா. விசா வந்தால் இங்கிலாந்து, லெஸ்டர். லெஸ்டரில் அவள் கணவன்.

கல்யாணமாகி அவன் ஊரில் இருந்தது நாற்பது நாள். அதற்குள் மூன்று தடவை அவளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டான். ஒரு தடவை, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லையாம், அதற்கு.

இங்கே மாமியாராவது கடைசியில் வந்து திறந்துவிட்டார். அங்கே யார் இருக்கிறார்கள்?

இதில் வேடிக்கை, பாழாய்ப்போன ஆங்கிலம் அவளுக்கு இரண்டாம் மாதமே வந்துவிட்டது. பிடித்தும் போனது. பேருந்தில் கண்டக்டரிடம் சில்லறை நீட்டும்போதுகூட உள்ளே அதுதான் ஓடியது. அதை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

ஐந்தையும் ஒடித்து முடித்தாள். வகுப்பு கலைந்தது. செருப்புச் சத்தங்கள் மாடிப்படியில் இறங்கின.

"நீ கொஞ்சம் இரு," என்றார் மிஸ்.

நோட்டு ஒன்றை எடுத்து அவள் முன் விரித்தார். நான்கு மாதத்துத் தப்புகள், தேதி வாரியாக. எல்லாம் அவளுடையவை.

"தெரியாதவங்க ஒரே தப்பைத்தாம்மா திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க. நீ தினம் ஒண்ணு புதுசா பண்ற."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். மாமியார் கீழே மொபைல் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மிஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மிஸ் திட்டவில்லை. பலகையைக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார்.

ஒன்று. சரியாக.

அவள் நோட்டை மூடினாள்.

"மை ஃபாதர் பிளெஸ்ட் மீ அண்ட் சென்ட் மீ பேக்."

போன ஆடியில் பிறந்த வீட்டு வாசலில் பையோடு போய் நின்றவளை, அப்பா விபூதி பூசி, நல்லா இரும்மா என்று ஆசீர்வதித்து, வந்த ஆட்டோவிலேயே திருப்பி ஏற்றி அனுப்பினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெரிகுட் என்று சொல்லவில்லை.

படியில் மூச்சிரைப்பு கேட்டது. மாமியார் மேலே வந்துவிட்டார்.

"மிஸ், இனிமே இவளக் கூட்டிக்கிட்டு அலைய வேணாம். எம்மவன் இப்பதான் போன் பண்ணுனான். வெள்ளிக்கெழம வர்றானாம். ரெண்டு மாசம் லீவு. கூடவே உக்காந்து அவனே சொல்லிக்குடுத்து, தேற வச்சுக் கையோட கூட்டிக்கிட்டுப் போறேங்கிறான்."

வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தோற்றுக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாளே, பைத்தியக்காரி.

மிஸ்ஸைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். எதையும் ஒடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவன் என்னைப் பூட்டி வைப்பான். அவனைக் கண்டால் எனக்குப் பயம். என் சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. நான் அவனோடு போக மாட்டேன். எனக்கு உதவி செய்யுங்கள்."

மாமியார் வாயைப் பிளந்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை அவருக்கு. முகமெல்லாம் பூரிப்பு.

"அடி ஆத்தி. எம் மருமவளா இது? இந்தப் போடு போடுறாளே."

கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார். கண்ணைச் சுருக்கி, மகனுக்குக் குரல் செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ம், இப்ப சொல்லு தாயி. மொதல்லேருந்து சொல்லு. எம்மவன் கேக்கட்டும்."

மிஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். மாமியாருக்குத் தெரியாமல், மெல்ல.

தப்பான வாக்கியங்கள் அவளிடம் இன்னும் எத்தனையோ இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டால் இந்த வேளை தப்பிவிடும்.

போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தாள். நிறுத்தி, நிதானமாக.

'அவன்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'நீ' என்று மாற்றிச் சொன்னாள்.