வெறும் தாவ்

இல்லை என்று சொல்லிவிட்டாள்.

வாய் கூசவில்லை. கூசுவதற்கு நேரமில்லை.

கேள்வி சின்னதுதான். செத்துப்போன அவள் புருஷன் தலையில் பட்டாபிஷேகத் தண்ணீர் விழுந்ததா, இல்லையா?

லாவோ நாட்டில் அந்தத் தண்ணீர் விழுந்தவன்தான் பயா. அரசன். விழாதவன் எவ்வளவு பெரிய வீட்டில் பிறந்திருந்தாலும் வெறும் தாவ். இளவரசன், அவ்வளவுதான்.

மேகாங் கரையில் சிதை அடுக்கியாகிவிட்டது. எந்தப் பட்டத்தைச் சொல்லி எரிப்பது என்று தெரியாமல் பிக்குகள் காத்திருந்தார்கள்.

சபை நடுவே கேட்டவன் கொழுந்தன். அண்ணனைக் கொன்றவனும் அவன்தான், இப்போது சிம்மாசனத்தில் இருப்பவனும் அவன்தான். ஊருக்கே தெரியும். யார் வாயைத் திறப்பார்கள்? அண்ணி அண்ணி என்று குழைந்துதான் கேட்டான். அந்தக் குழைவை அவள் நம்பவில்லை.

தண்ணீர் விழுந்தது. அவளே பக்கத்தில் நின்றாள். சொட்டச் சொட்ட நனைந்த தலையோடு அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஊற்றிய புரோகிதரும் காவலர்களும் அவரோடே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியவர்களில் சாட்சி சொல்ல மிச்சம் அவள் ஒருத்தி.

அவர் பயா என்றால், அவளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளை புன்மி, பயாவின் மகன். வாரிசு. வாரிசை எந்தச் சித்தப்பன் விட்டுவைப்பான்?

வெறும் தாவின் மகன் என்றால் எங்கேயாவது எருமை மேய்த்தாவது பிழைத்துக் கிடப்பான்.

செத்தவருக்கு வெண்குடை எதற்கு என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள். மனசுக்குள் அவர் காலில் விழுந்தாள்.

கொழுந்தன் முகம் தெளிந்தது. வெறும் தாவ் என்றே எரிக்கச் சொல்லிக் கையசைத்தான். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

புன்மி எழுந்து நின்றான்.

பதினோரு வயது. அப்பாவின் ரோஷம் அப்படியே.

"அம்மா பொய் சொல்றாங்க. நான் பாத்தேன். எங்கப்பா பயாதான்."

பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் போனேனே பாவி என்று பதறி அவன் கையை எட்டிப் பிடித்தாள். உதறினான். அவளை அப்படி அருவருப்பாக அவன் பார்த்ததே இல்லை.



கொழுந்தனுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தான்.

"அரசர் பிள்ளை தரையில உக்காரலாமா? வாப்பா, சித்தப்பா பக்கத்துல வந்து உக்காரு."

புன்மி தோளில் கிடந்த பட்டைச் சரிசெய்துகொண்டான். தலை நிமிர்ந்து நடந்தான்.

அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.