வேலிக்கு அந்தப் பக்கத்து மஞ்சள்

டிராக்டர் தங்கையின் நிலத்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும், தேன்காரர் கழுத்துப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

அந்தக் கோலத்தில் அவரைத் தெரு பார்த்ததே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்புயரத்துக்கு முட்செடி. இலையிலும் முள், தண்டிலும் முள். உச்சியில் மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூ. சூரியகாந்திக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும் அதை யாரும் வீட்டில் சேர்ப்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் நிலத்தைப் பங்கு பிரித்த அன்று, நாலு பேர் முன்னால் தங்கை அவரை எதிர்த்துப் பேசிவிட்டாள். அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்தினார். அவள் தன் பங்கை உழாமல் போட்டாள். முள் மண்டியது.

தன் முகத்தில் கரி பூசத்தான் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவுகட்டினார். பரம்பரையாகத் தேன் எடுக்கும் குடும்பம். இந்தக் குடும்பத்து நிலமா இது என்று போகிறவர் வருகிறவர் கேட்க மாட்டார்களா? வெட்டச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினார். போன வாரம்கூட அனுப்பினார்; ‘சரி, வெட்டிவிடுகிறேன்’ என்று முதல் முறையாகப் பதில் வந்தது.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூ என்று ஒன்று இல்லை.

இன்று காலை, செத்த வீட்டுக்குள் நுழைகிற மனத்தோடுதான் அவர் தேன்பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். கனத்தன. எப்படி என்று புரியாமல், வெளியே கிளம்பிய தேனீக்களைக் கண்ணால் தொடர்ந்தார்.

ஒன்று பாக்கியில்லாமல் வேலியைத் தாண்டின.

அந்த மஞ்சளும் போனால் பெட்டிகளில் உயிர் மிஞ்சாது. அதை நினைத்து முடிப்பதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. அவர் சொல்லி அனுப்பியபடியே வந்துவிட்டது.

இப்போது முள்ளுக்கு நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

டிராக்டர்காரர் என்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்தார். “வெட்டு வெட்டுன்னு ஆள் அனுப்பினதும் நீங்க, குறுக்க வந்து நிக்கிறதும் நீங்களா பெரியவரே? நான் செடியை வெட்டவா, உங்களை வெட்டவா? நிறுத்தணும்னா நிலத்துக்காரங்க சொல்லணும். அதோ நிக்கிறாங்க, கேளுங்க.”

தங்கை வரப்பில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. அது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கேட்க வேண்டும். வாயைத் திறந்து, ஒரு மூன்றாம் மனிதன் முன்னால், அவளிடம் கேட்க வேண்டும். அதற்கு அந்தச் சக்கரத்துக்கு அடியில் படுத்துவிடலாம் போலிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மண்டிக் கிடக்கும் நிலம் என்றுதானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்? முட்செடிகளுக்கு நடுவே ஒரு புல் இல்லை. வேறொரு பூண்டு இல்லை. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் மண் கொத்திவிடப்பட்டிருந்தது. புதிதாகக் கொத்திய மண்ணும் இருந்தது, முந்தைய வருஷ மழையில் கரைந்து இறுகிப்போன பழைய கொத்தும் இருந்தது.

களைக்குக் களை எடுத்திருக்கிறாள்.

மழை பொய்த்தாலும் கடைசிவரை பூப்பது இது ஒன்றுதான். அப்பாவின் தேன்பெட்டிகளுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

தேன்காரர் நிமிர்ந்தார். கேட்க வந்தது ஒன்று. வேறொன்று வெளியே வந்தது.

“கைக்கு ஏதாவது போட்டுக்கிட்டுக் களை எடுக்கக் கூடாதாம்மா?”

தங்கை டிராக்டர்காரரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினாள். சேலை முந்தானை விலகிய அந்தக் கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறல்கள்.

என்ஜின் அடங்கியது.

அப்போதுதான் அவர்களைச் சுற்றித் தேனீக்களின் சத்தம் கேட்டது.