நெஞ்சில் வைத்த கை

இதை எனக்கு முதலில் சொன்னது என் மருமகள்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு வேலை. ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எலும்பு, இதயம் என்று அச்சு அசலாகப் பிளாஸ்டிக்கில் எடுத்துக் கொடுப்பாள். மாணவர்கள் அதைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துப் படிப்பார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குப் பெரிய பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வாரம் ஒருநாள் அவர், இவள் செய்த புது நெஞ்சுக்கூடு ஒன்றைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. விலா எலும்புகளுக்குள் இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"படத்தைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுட்டியாம்மா?"

"இல்லை சார். ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

வலது எது என்று ஸ்கேனிலேயே குறித்திருந்ததாகவும் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது கூடத் தெரியாதவளுக்கு எந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். மருமகள் மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

திடீரென்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய கதையை ஆரம்பித்தார்.

அவர் படித்த காலத்தில் நிஜ உடல்தான். மருந்து நெடியில் கண் எரியும். கத்தியைத் தொடுவதற்கு முன், உடலைக் கொடுத்தவருக்காக எல்லோரும் நெஞ்சில் கை வைத்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வாத்தியார் மட்டும் தினமும் வலப்பக்கம் கை வைப்பாராம். உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறவருக்கே இதயம் எங்கே என்று தெரியவில்லை என்று கடைசி வரிசை குலுங்குமாம்.

"'இடம்வலம்'னு அவருக்குப் பேர் வச்சதே நான்தான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அது போகலை. பாவம், தங்கமான மனுஷன். நான் ஃபெயிலானப்ப வீட்டுக்கே வரச்சொல்லிப் பாடம் எடுத்தார்."

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் தயங்கித் தயங்கி ஓர் உறையை நீட்டினாள்.

"ஸ்கேனோட இதுவும் வந்துச்சு சார். குடுத்தவர் போன வருஷம் தவறிட்டாராம். வகுப்புல படிச்சுக் காட்டணும்னு எழுதியிருக்கார்."

உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளே நாலே வரி.

"முப்பது வருஷம் வலப்பக்கம் கை வைத்து உங்கள் முன்னால் நின்றேன். சிரித்தவர்கள் நிறையப் பேர். ஒருவேளை இவருக்கு அங்கேதானோ என்று தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இப்போதாவது தொட்டுப் பாருங்கள்."

அவர் அந்த நெஞ்சுக்கூட்டின் வலப்பக்கம் உள்ளங்கையை வைத்தார். ஒரு நிமிடம் எடுக்கவே இல்லை.

மருமகளுக்குக் கையெழுத்து அன்றைக்கே கிடைத்துவிட்டது.

நீங்கள் இதை யாரிடமாவது சொன்னால், அந்தப் பட்டப்பேரை மட்டும் விட்டுவிடுங்கள்.