இடக்கைக் குளிசை

“இந்தப் புதுக் குளிசை சரியில்ல மிஸ். பழையதையே தாங்க.”

பாமசியின் கண்ணாடி மேசையில் குளிசை அட்டையை ஒரு கையால் தள்ளினாள் ஹவ்வா. மற்றக் கை சால்வைக்குள் இருந்தது. கற்பிட்டி வெயிலில் நடந்து வந்தவள், நெற்றி வியர்வையையும் அதே கையால்தான் வழித்துவிட்டாள்.

மருந்து கொடுக்கும் றிஸ்மினா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஹவ்வாவின் புருசனின் தும்மலுக்குக் கொடுத்தது. பழைய குளிசையைக் குடித்துவிட்டு மனிதர் கருவாட்டு வாடியிலேயே உறங்கிப்போக, காயப்போட்டதில் பாதியைக் காகம் தின்றுவிட்டதாம். அதனால்தான் டொக்டர் மாற்றிக் கொடுத்திருந்தார்.

“தும்மல் நிக்கல்லையா ராத்தா?”

“நிண்டுட்டு.”

“பொறகென்ன?”

“அவருக்கு ஒறக்கம் வரல்ல.”

றிஸ்மினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்குத்தானே மாத்தினது! காகத்துக்கு இன்னும் விருந்து வெக்கப் போறீங்களா?”

ஹவ்வா சிரிக்கவில்லை. “பழையதக் குடிச்சா பொழுதுபட்டு மஃரிபோட படுத்துருவாரு. வீடு நல்லா இரிந்திச்சு மிஸ்.”

பாவம், விளங்கவில்லை என்று நினைத்தாள் றிஸ்மினா. விளங்காதவர்களுக்கு அவள் கையை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பாள். தன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்தாள்.

“பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி. ஆனா ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சா பெருவிரல் மத்தப் பக்கம் போயிரும், பொருந்தாது. கண்ணாடில பாக்குற மாதிரி. பழைய குளிசைல வலக்கை, இடக்கை ரெண்டு சாதி மருந்தும் கலந்திரிக்கி. தும்மல நிப்பாட்டுறது இடக்கைதான். மத்தது வேலையில்லாமக் கூட வாறது. அதக் கழட்டிட்டுச் செஞ்சதுதான் புதுசு, கனபேருக்கு ஒறக்கம் கொறயும். எங்க, நீங்களும் வெச்சுப் பாருங்க.”

ஹவ்வா வலக்கையை விரித்து வைத்தாள்.

“மத்தக் கையையும் வைங்க ராத்தா.”

அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சால்வைக்குள்ளிருந்து இடக்கை மெல்ல வந்தது. விரல்கள் கறுத்து வீங்கி, சின்னவிரல் வேறெங்கோ திரும்பியிருந்தது. இரண்டும் ஒரு சோடி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“யா அல்லாஹ்! இது எப்ப நடந்திச்சு?”

“புதுக் குளிசை குடிச்ச அண்டைக்கு ராவு.” ஹவ்வா கையைத் திரும்பவும் மூடிக்கொண்டாள்.

“அவரு முழிச்சிரிந்தாரு மிஸ்.”