மணிக்கணக்குப் போலீஸ்காரன்

“ஏம்பா வெண்டல், உனக்கு வெட்கமாவே இல்லையா? சர்க்கார் யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு ஊறுகாய்க் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறியே!” என்று கேட்டேன்.

“பத்து மணி வரைக்கும்தான், டாட்டி. அப்புறம் உங்க வேலையைத்தானே பார்க்கப்போறேன்” என்றான் சார்ஜென்ட் வெண்டல்.

அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் வேலைநிறுத்தத்துக்கு அன்று ஒன்பதாம் நாள். கேட்டில் காவல் நிற்க, டியூட்டி இல்லாத போலீஸ்காரரைக் கம்பெனி வாடகைக்குக் கேட்டது. நாங்கள் ஊர்வலம் போக அனுமதி கேட்டோம். ஊர்வலம் போகிறவர்களும் டியூட்டி இல்லாத போலீஸ்காரர் ஒருவரை வாடகைக்கு எடுத்தாக வேண்டுமாம், டவுன் ஆபீஸ் சட்டம்.

எங்கள் ஊருக்கு மொத்தம் நாலு போலீஸ். இரண்டு பேர் மான் வேட்டைக்கு லீவு. ஒருவர் ரோந்துக் காரில். மிச்சம் வெண்டல்.

எட்டிலிருந்து பத்து வரை கம்பெனிக்கு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை எங்களுக்கு, பன்னிரண்டுக்கு மேல் அரசாங்கத்துக்கு என்று போலீஸ் சீஃப் பங்கு பிரித்துவிட்டார்.

“இவன் என்ன மனுஷனா, வாடகை டிராக்டரா?” என்றாள் எங்களோடு வேலைநிறுத்தத்தில் நின்ற லொரெட்டா, அவன் காதில் விழும்படியாகவே.

அன்று காலைதான் கேட்டுக்கு வெளியே புதிதாக வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் அத்துமீறல். அத்துமீறலுக்குக் கைதானால் வேலை போய்விடும்.

ஒன்பதரைக்கு அடித்த காற்றில் லொரெட்டாவின் கோஷ அட்டை கோட்டைத் தாண்டிப் பறந்தது. பிடிக்க ஓடினாள். ஒரே ஒரு காலடி. ஈரப் பெயிண்டில் அவள் ஷூ அச்சு அப்படியே பதிந்துவிட்டது.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் லாத்ரப் இறங்கி ஓடிவந்தார்.

“யாரோ தாண்டினாங்க! யாரு?”

முப்பது பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் குல்லாய். முப்பது பேரும் மேகத்தைப் பார்த்தோம்.

“வெண்டல், யாருன்னு பார்த்தியா?”

“கேட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன் சார். கேட்டுக்குத்தானே என்னை வெச்சிருக்கீங்க?”

“பரவாயில்ல, அச்சு இருக்கு. எல்லார் ஷூவையும் அதுல வெச்சுப் பார்த்து ஆளைப் பிடி!”

“அது போலீஸ் வேலை சார். நான் இப்போ உங்க காவல்காரன். பன்னிரண்டு மணிக்கு டியூட்டியில வந்து பிடிக்கிறேன்.”

“அதுவரைக்கும் அச்சு அழியாம பார்த்துக்க!”

“பத்து மணி வரைக்கும் பார்த்துக்கிறேன்” என்றவன், பெயிண்டர் விட்டுப்போன பாதி டின்னைத் தூக்கிவந்து அச்சுக்குப் பக்கத்தில் அடையாளமாக வைத்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்த அச்சுக்குக் காவலாக நின்றான். பிரசிடென்ட் பங்களாவுக்குக்கூட அப்படி நிற்க மாட்டார்கள்.

லொரெட்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும். இன்சூரன்ஸ் போனால் அவள் புருஷனுக்கு டயாலிசிஸ் கிடையாது.

“கூலிக்கு மாரடிக்கிறவன்” என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வாட்சைப் பார்த்தானே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

பத்து மணி அடித்தது.

“வர்றேன் சார்” என்று மேனேஜருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு எங்களை நோக்கித் திரும்பினான். திரும்பின வேகத்தில் பூட்ஸ் டின்னில் இடித்தது. டின் கவிழ்ந்தது. பெயிண்ட் அச்சின் மேல் வழிந்து, கோட்டின் மேல் வழிந்து, எங்கள் ரோடு வரைக்கும் ஓடியது. அது போதாதென்று வழுக்கி விழாமல் இருக்க அதிலேயே நாலு மிதி மிதித்தான்.

“கண்ணு தெரியலையாடா, தடிமாடு!” என்று கத்தினேன். என் ஷூவெல்லாம் வெள்ளை. முப்பது பேர் ஷூவும் வெள்ளை.

மேனேஜர் பாய்ந்து வந்தார். அவர் ஷூவும் வெள்ளை.

வெண்டல் கையைத் தூக்கி, வெளியே வந்த கம்பெனி லாரியை நிறுத்தினான்.

“என்னப்பா, நம்ம லாரியையே நிறுத்துறே?”

“மணி பத்தாயிடுச்சு சார். ஊர்வலம் போகுது.”

மேனேஜர் போலீசுக்கு போன் செய்தார், ஒரு போலீஸ்காரன் லாரியை மறிக்கிறான் என்று. ரோந்துக் கார் ஊர்க்கோடியில் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஊர்வலம் முடிந்து நாங்கள் கேட்டுக்கே திரும்பியிருந்தோம். பன்னிரண்டு மணிக்கு ரோந்துக் காரில் வந்து இறங்கினான் வெண்டல்.

“சொல்லுங்க சார், என்ன புகார்?”

“தடயத்தை அழிச்சுட்டாங்க!”

“யாரு?”

“நீதான்யா!”

“முழுப்பேர் தெரியுமா சார்?” என்று நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். “வேற?”

“எல்லார் ஷூவையும் பாரு! பெயிண்ட் இருக்கிறவனைப் பிடி!”

வெண்டல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். “முப்பது பேர். அப்புறம் நான். அப்புறம்...” மேனேஜரின் காலைப் பார்த்தான். “எந்தப் பக்கத்திலேருந்து ஆரம்பிக்கலாம் சார்?”

மேனேஜர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லொரெட்டா ரோட்டோரத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“பத்து மணிக்கு மேல எங்க கூலியாச்சே, அதான் தட்டிவிட்டே. அப்படித்தானே வெண்டல்?”

காரில் ஏறப்போனவன் நின்றான்.

“கணக்கு தப்பு, டாட்டி. பத்து மணிக்கு அவங்க வேலை முடிஞ்சுது. ரோட்டுக்கு வந்து நின்னாத்தான் உங்க வேலை ஆரம்பம். நடுவுல நாலு தப்படி இருந்துச்சு பாரு, அதுக்கு என்னை யாரும் வாடகைக்கு எடுக்கல.”