மாடத்தில் படம் இல்லை

“என்னங்க, மாடம் காலியா இருக்கு! படம் எங்க?”

விருந்தினர் அறையில், படம் தொங்கவிடுகிற சுவர் மாடத்துக்கு முன்னால் நின்று ஃபுமியே கத்தினாள். பெண் வீட்டார் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

கென்சாகு நிதானமாக எட்டிப் பார்த்தார். “கழட்டி வெச்சிட்டேன்.”

“ஏன்?”

“பூச்சி அரிச்சிருக்கு.”

“பொய்! போன மாசம் நான்தானே அதை விரிச்சுக் காத்தாட விட்டேன்? ஒரு ஓட்டை கிடையாது.”

கென்சாகு உள்ளே போய்விட்டார்.

ஃபுமியேவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹிகோனே ஊரிலேயே அந்தப் பட்டு ஓவியத்துக்கு ஒரு பேர் உண்டு. நாணல் புதரில் இரண்டு காட்டு வாத்துகள். கென்சாகுவின் தாத்தா சத்திரம் நடத்திய காலத்தில், ஒரு மாதம் தங்கிய ஓவியர் வரைந்து கொடுத்தது. இலையுதிர் காலம் வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்துச் சுருளைப் பிரித்து மாடத்தில் தொங்கவிடுவார்கள். முக்கியமான விருந்தாளியை அதன் முன்னால்தான் உட்காரவைப்பார்கள்.

சம்பந்தியை வெறும் சுவருக்கு முன்னால் உட்காரவைத்தால், முகத்தில் அடித்தமாதிரிதான்.

இது கென்சாகுவுக்குத் தெரியாதா என்ன? படம் என்றால் உயிரை விடுகிற மனுஷன். போன வருஷம் பல் டாக்டர் வீட்டு விருந்தில், “டாக்டர், நீங்க தொங்கவிட்டிருக்கிறது போலி” என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தவர். அன்றோடு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை போச்சு. பல்வலி வந்தால் ஃபுமியே இப்போது ரயில் ஏறித்தான் போக வேண்டும்.

“ஷூஜி, உங்க அப்பாவுக்கு என்னடா ஆச்சு?”

மகன் முகம் வாடிக் கிடந்தது. “அப்பாவுக்கு கனாயேவைப் பிடிக்கலம்மா. போன ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் பேசப் போனாரே, அன்னைலேர்ந்தே இப்படித்தான் இருக்கார்.”

வாஸ்தவம்தான். ஃபுமியே ஜுரத்தில் படுத்திருந்ததால் கென்சாகு மட்டும் போய்வந்தார். வந்தவர் அன்று சாப்பாட்டில் வாயே திறக்கவில்லை.

அவள் நேராகவே போய்க் கேட்டாள். “பொண்ணைப் பிடிக்கலையா?”

“நல்ல பொண்ணு.”

“அவங்க அப்பா?”

“அவரும் ரொம்ப நல்ல மனுஷன்.”

“அப்புறம் எதுக்கு இப்படி அவமானப்படுத்தறீங்க?”

“வெந்நீர் கொதிக்குது பாரு.”

வாசலில் கார் வந்து நின்றது.

கனாயேவின் அப்பா ஓகினோ, கையில் துணி சுற்றிய நீளமான ஒன்றைப் பிடித்தபடி இறங்கினார். கென்சாகு அவரைக் கூட்டிப்போய் மாடத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். ஓகினோவின் மனைவி வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கனாயே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபுமியேவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணம் இன்றோடு நின்றுவிடும் என்றே நினைத்தாள்.

ஆனால் ஓகினோ சிரித்தார். “நல்லதாப் போச்சு! இதுக்கு இடம் இருக்குமோ இருக்காதோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

துணியைப் பிரித்தார். உள்ளே மரப்பெட்டி.

“போன வாரம் இதுக்கு முன்னாடி நீங்க வாயடைச்சுப்போய் உட்கார்ந்திருந்தீங்களே, அதை என்னால மறக்க முடியல சம்பந்தி. எங்க அப்பா ரெண்டு வயலை வித்து வாங்கினது. எங்க அம்மா ஒரு வருஷம் அவரோட பேசல. ஊரே பைத்தியக்காரன்னு சிரிச்சுது. கண் மூடற வரைக்கும் அவருக்கு இதுதான் பெருமை. பொண்ணோட இதையும் உங்க கையிலயே கொடுத்துடணும்னு தோணுச்சு.”

சுருளை மெல்ல விரித்தார்.

நாணல் புதர். இரண்டு காட்டு வாத்துகள். கீழே நாணல் தண்டில் ஒரு குட்டி நத்தை.

நம் வீட்டுப் படம் எப்படி இவர் கைக்குப் போயிற்று? இந்த மனுஷன் யாருக்கும் தெரியாமல் விற்றுத் தொலைத்துவிட்டாரா?

ஷூஜி திகைத்துப்போனான். “அப்பா, இது நம்ம வீட்டு...”

“ஆமாடா, இனிமே நம்ம வீட்டுதுதான்,” என்று கென்சாகு சட்டென்று குறுக்கே புகுந்தார். “மாமனாருக்கு நன்றி சொல்லு.”

சொல்லிவிட்டுத் தானும் நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினார். தன் கையாலேயே படத்தை மாடத்தில் மாட்டினார். ஓகினோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத் தேதியும் அப்போதே முடிவாயிற்று.

அவர்கள் கிளம்பியதும் ஃபுமியே உள் அலமாரிக்கு ஓடினாள். பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அவர்கள் படமும் பத்திரமாக இருந்தது. அதே வாத்துகள், அதே நத்தை.

“என்னங்க, ஓவியர் கைதவறி மை சொட்டிடுச்சு, அதைத்தான் நத்தையா மாத்திட்டார்னு உங்க அப்பா சொல்லுவாரே. கைதவறின சொட்டு ரெண்டு பட்டுலயும் ஒரே இடத்துலயா விழும்?”

“விழாது.”

“அப்ப அவர் கொடுத்தது?”

“நம்மளதைப் பார்த்து யாரோ வரைஞ்சது. போன வாரமே தெரிஞ்சுபோச்சு.”

“அதுக்காகத்தான் கழட்டினீங்களா?”

“வந்து நம்மளதைப் பார்த்திருந்தா அந்த மனுஷன் என்ன ஆகியிருப்பார்? செத்துப்போன அவங்க அப்பா நிஜமாவே பைத்தியக்காரர் ஆகியிருப்பாரே.”

“அது சரி. நம்ம படத்தை ஊர்ல எல்லாரும் பார்த்திருக்காங்க. கல்யாணத்துல யாராவது சம்பந்தி காதுபட, இதெப்படி ரெண்டு இருக்குன்னு கேட்டா?”

கென்சாகு தங்கள் பெட்டியை மூடிக் கயிற்றைக் கட்டினார். அலமாரியின் கடைசி மூலைக்கு அதைத் தள்ளினார்.

“நம்மகிட்ட இருந்தது போலின்னு சொல்லிடு.”