பச்சை பஸ்ஸின் ஹாரன்

பழைய டிராம்களையும் பஸ்களையும் காட்சிக்கு வைத்திருந்த இடம் அது. சம்பளம் வாங்காமல் ஆசைக்காக வேலை செய்கிறவர்கள் ஞாயிறுதோறும் ஸ்பேனரோடு வருவார்கள்.

பின்பக்கக் கொட்டகையில் நின்ற பச்சை பஸ்ஸுக்கு ஒரே ஆசை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்றாவது வர வேண்டும். ஒரு ஞாயிறு அது பக்கத்தில் நின்ற பழைய டிராமிடம் சொன்னது:

“இன்னிக்கும் என்கிட்டதான் வந்தாங்க, டிராம் அக்கா. ஹாரனைக் கழட்டிட்டுப் போயிருக்காங்க. சரி பண்ணி மாட்டுவாங்க.”

“போன மாசம் ரேடியேட்டரைக் கொண்டுபோனாங்களே, அது திரும்பி வந்துச்சாடா?”

“உன்னை யாரும் தொடுறதில்லை. அந்த வயித்தெரிச்சல் உனக்கு.”

டிராமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது நின்ற இடத்திலிருந்து முன்வாசல் தெரியும். அங்கே இதே ஜாடையில் ஒரு சிவப்பு பஸ் பிள்ளைகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிட டிராம் வாயெடுத்தபோது ஹாரன் சத்தம் கேட்டது.

“அக்கா, அது என் குரல்தானே?”

டிராம் முன்வாசலைப் பார்த்தது. ஹாரன் அடித்தது அந்தச் சிவப்பு பஸ்தான்.

“ஆமாடா. சரியாகிடுச்சான்னு அடிச்சுப் பாக்குறாங்க போல.”

சாயங்காலம் அவர்கள் மறுபடி வந்தார்கள்.

“பாத்தியா, மாட்ட வந்துட்டாங்க” என்று பச்சை பஸ் பூரித்துப்போனது.

வந்தவர்கள் அதன் அடியில் செங்கல்லை அடுக்கிவிட்டு, முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்கள்.